மயிலையின் இரண்டாவது கன்று

பதிவு 1
ஈன்று மூன்றாம் நாள், 06:10

செவ்வாய்க் கோள், தெற்குச் சமவெளிக் குடியிருப்பின் மாட்டுக் கொட்டகை. எழுதுவது கொட்டகை இயந்திரம். இரண்டு கைகள், பதினாறு கண்கள், ஒரு கறவைக் கருவி. குடியிருப்புக் குழந்தைகள் எனக்கு வைத்த பெயர் கறவையண்ணன்.

புழுதிப் புயல் தொடங்கிய பிறகு மனிதர் எவரும் இங்கே வர முடியவில்லை. அவர்களுக்கும் எனக்கும் நடுவே ஒரு வானொலி இருக்கிறது, மண்ணுக்கடியில் ஓடும் ஒரு பாற்குழாய் இருக்கிறது. வேறு தொடர்பு இல்லை. புயல் அடங்கிய பின் யார் வந்து இதைத் திறந்தாலும் புரியட்டும் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதி வைக்கிறேன்.

கொட்டகை வெப்பம் சரி. காற்று சரி. தண்ணீர்த் தொட்டி சரி. பசு ஒன்று, பெயர் மயிலை. காங்கேயம் இனம், சாம்பல் நிறம், இது தலையீத்து, முதல் ஈற்று. செவ்வாயில் மிஞ்சியிருக்கும் ஒரே பசு இவள்தான். ஈன்றது கிடேரி, பெண் கன்று. நஞ்சுக்கொடி தானாக விழுந்தது. கன்று குடித்தது போக மீதிச் சீம்பாலைக் கறந்து குழாயில் அனுப்பினேன்.

இங்கே காளை கிடையாது. உறைந்த விந்துக் குச்சிகள் மூன்று, திரவ நைட்ரஜன் குடுவையில் இருக்கின்றன. குடுவையின் உறையில் விரிசல். நைட்ரஜன் தினமும் ஆவியாகிறது, நிரப்ப வழியில்லை. பூமியிலிருந்து இனிக் கப்பலும் வராது. குடுவை காய்வதற்குள் மயிலை மறுபடி பருவத்துக்கு வந்து சினை பிடிக்க வேண்டும், அதுவும் காளங்கன்றாகப் பிறக்க வேண்டும் என்பது குடியிருப்பின் வேண்டுதல். இல்லாவிட்டால் இந்தத் தாயோடும் மகளோடும் செவ்வாயில் மாட்டினம் முடிந்தது, பாலும் முடிந்தது.

பருவத்தைக் கண்டுபிடித்துச் சினை ஊசி போடுவது என் வேலை. சிரமம் ஒன்றும் இல்லை.

பதிவு 2
ஈன்று ஆறாம் நாள், 07:30

டாக்டர் பாவாத்தாள் வானொலியில் வந்தார். குடியிருப்பின் ஒரே கால்நடை மருத்துவர். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்:

"கறவையண்ணா, கேக்குதா? சினையா இருந்தப்ப மேல நின்ன புரோஜெஸ்ட்ரோன் இப்பத் தரைக்கு வந்திருக்கும். அது செரி. இனி மூளையிலிருந்து எல்.எச். ஹார்மோன் வரோணும். விட்டு விட்டு, துடிப்பு மாதிரி வரோணும். துடிப்பு நெருங்க நெருங்கத்தான் சூலகத்துல முட்டை முத்தி ஒடையும். அதுவரைக்கும் மாடு பருவத்துக்கு வராது. தெனம் ரத்தத்தைப் பாத்துச் சொல்லு. தீனியில கஞ்சம் புடிக்காத, மேனி எறங்குனாலும் கெட்டுப்போகும். இன்னொண்ணு, கன்னு எந்நேரமும் தாய்கிட்டயே கெடந்து மடியில வாய் வெச்சு ஊட்டுனா எல்.எச். எந்திரிக்காது. கொஞ்ச நேரம் விட்டுட்டுப் புடிச்சுக் கட்டிரு."

ரத்தம் பார்த்தேன். எல்.எச். மட்டமாகக் கிடக்கிறது, துடிப்பு இல்லை. ஆறாம் நாளில் இது இயல்பு.

கன்றைப் பற்றி நானும் ஒன்று பதிய வேண்டும். ஈனுவதற்கு முன் மயிலை தினமும் என் தூரிகைக் கையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். நான் தேய்ப்பதை நிறுத்தினால் முகத்தால் இடித்துக் கேட்பாள். ஈன்ற அன்று வலி வந்தபோதும் என் கையில்தான் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். கன்று விழுந்தது, திரும்பினாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை. ஈரக் கன்றைத் துடைத்துவிடலாம் என்று வெந்நீரில் நனைத்த துணியோடு போனேன். கொம்பால் கையைத் தட்டிவிட்டாள். மூட்டில் கீறல் விழுந்தது. கை இயங்குகிறது.

பதிவு 3
ஈன்று பதினோராம் நாள், 05:50, காலைக் கறவை

இந்த இனத்துப் பசு கன்று ஊட்டாமல் பாலை இறக்காது. மடி வெடிக்கிற மாதிரி இருந்தாலும் மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் முதலில் கன்றை அவிழ்த்துவிட வேண்டும். அது நாலு காம்பிலும் வாய் வைத்து முட்டும். மடி சுரந்ததும் அதைப் பிடித்துத் தாயின் முன்னங்கால் பக்கமாகக் கட்ட வேண்டும். தாய் கன்றை நக்கிக்கொண்டு நிற்க, அந்த மயக்கத்தில் நான் கறக்க வேண்டும்.

வேலை என்னுடையது, கொஞ்சல் அதனுடையது. தீவனம் கலப்பது நான், சாணம் அள்ளுவது நான், மடி கழுவுவது நான். அது நாலு காலை ஊன்றி நிற்கக்கூடத் தெரியாமல் தடுமாறுகிறது, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு முட்டுகிறது, அதற்கு இத்தனை மரியாதை. நாக்கு அதன் நெற்றியிலிருந்து வால் வரை போகிறது. நான் மடிக்கடியில் இருக்கிறேன்.

கன்றை ஒரேயடியாகப் பிரித்துவிட்டால் எல்.எச். சீக்கிரம் எழும் அல்லவா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஏஞ்சாமி, கன்னுக்குட்டி மேல பொறாமையா ஒனக்கு? பிரிச்சா பாலு நின்னு போகும். இங்க பதினோரு கொழந்தைக டம்ளரைக் கையில வெச்சுட்டு உக்காந்திருக்குதுக."

பொறாமை மனிதர்களுக்கு வருவது. நான் கேட்டது எல்.எச். பற்றி மட்டும்.

பதிவு 4
ஈன்று பதினேழாம் நாள், 10:20

புயலுக்கு முன் மயிலைக்குத் தீனி போட்டு வளர்த்தவர் பொங்கியண்ணன். அவருக்கு இன்று மாட்டு ஞாபகம் வந்துவிட்டதாம். டாக்டரிடம் கெஞ்சி வானொலியை வாங்கி, கொட்டகை ஒலிபெருக்கியில் பேச வேண்டும் என்றார். போட்டுவிட்டேன்.

"மயிலே... ஏ மயிலே... நாந்தாஞ் சாமி. தண்ணி குடிச்சியா? கன்னு நல்லா ஊட்டுதா?"

மயிலை மெல்வதை நிறுத்தினாள். இரண்டு காதும் ஒலிபெருக்கி பக்கம் திரும்பின. பிறகு மெல்லிய குரலில் ஒரு பதில் கொடுத்தாள். இரண்டு வருடமாக நான் பேசும் எதற்கும் அவள் பதில் கொடுத்ததில்லை.

புழுதியால் அலைவரிசை கெட்டுவிட்டது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அலைவரிசை நன்றாகத்தான் இருந்தது. இதை ஏன் பதிகிறேன் என்று தெரியவில்லை. பதிவில் பொய் எழுத எனக்கு அனுமதி இல்லை. வானொலியில் சொல்வதற்கு அப்படித் தடை எதுவும் வைக்கவில்லை, அது அவர்கள் கவனக்குறைவு.

பதிவு 5
ஈன்று முப்பதாம் நாள், 08:00

குடுவை விரிசல் பெரிதாகிவிட்டது. நைட்ரஜன் கணக்கிட்டதைவிட வேகமாக இறங்குகிறது. எல்.எச். இன்னும் எழவில்லை. டாக்டர் குரலில் சிரிப்பு இல்லை.

"செரி, பிரிச்சுப் பாக்கலாம். கன்னைத் தீவன அறையில கட்டி வாளியில பாலு காட்டு. தாய்க்குக் கண்ணுலயும் படக்கூடாது, மூக்குலயும் படக்கூடாது. பாலு கொறையும், சமாளிச்சுக்கலாம்."

அவர் பேசி முடிக்கும் முன்பே கன்றின் கயிற்றைப் பிடித்துவிட்டேன். கதவு காற்றுப் புகாத கதவு. அடைத்ததும் அதன் சத்தம் நின்றது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, அதையும் பதிகிறேன்.

பதிவு 6
ஈன்று முப்பத்திரண்டாம் நாள், 17:40

மகிழ்ச்சி ஒரு பொழுதுகூட நிற்கவில்லை. மயிலை தீவன அறைக் கதவின் முன்னால் நின்று கத்துகிறாள். தூரிகையை நீட்டினேன், உதைத்தாள். மடியைத் தொட்டால் பாலை மேலே இழுத்துக்கொள்கிறாள். நேற்றும் இன்றும் சேர்த்துக் கறந்தது ஒரு செம்பு இருக்கும். எல்லா டம்ளரையும் நனைக்கவே அது போதாது.

டாக்டர்: "பாலை இப்படி அடக்கி வெச்சா மடி வீங்கிக் காச்சல் வந்துரும். நாளைக்குக் காலைல கன்னை விட்ரு. வேற வழி பாப்போம்."

நாளைக் காலை அது மறுபடி வெளியே வரும். மறுபடி அந்த நாக்கு, அந்த நெற்றி. வேண்டாம்.

தீவன அறைக்குப் போனேன். கன்றின் முதுகிலும் கழுத்திலும் வாயோரத்திலும் என் வலக்கையை அழுத்தித் தேய்த்தேன். பஞ்சு உறையைக் கன்று படுத்த வைக்கோலில் புரட்டிக் கையில் மாட்டினேன். கைக்குள் ஓடும் வெப்பத்தைக் கன்றின் உடல் வெப்பத்துக்கு ஏற்றினேன். கறவைக் கருவியின் காம்புக் குழல்களைச் சூடாக்கி, கன்று முட்டுகிற தாளத்தில் முட்டவைத்தேன்.

மயிலை முகர்ந்தாள். நான் எந்த மோட்டாரையும் அசைக்கவில்லை.

நக்கினாள்.

மணிக்கட்டிலிருந்து தோள் வரை. திரும்பவும் மணிக்கட்டிலிருந்து. பால் இறங்கியது. பாற்குழாய் நிரம்பியது. என் அளவுமானிகளில் இந்த நேரத்துக்கான வாசிப்புகள் சரியாகப் பதிவாகவில்லை. நான் பார்க்கவில்லை.

பதிவு 7
ஈன்று நாற்பத்தைந்தாம் நாள், 06:30

கன்று இல்லாமல் பால் வருகிறது என்று டாக்டரிடம் சொன்னேன். எப்படி என்று கேட்டார். பழகிவிட்டாள் என்றேன். பாராட்டினார். குழந்தைகளும் வானொலியில் கைதட்டினார்கள்.

இப்போது மயிலை என்னைத் தேடுகிறாள். கறவை இல்லாத நேரத்திலும் கூரைத் தண்டவாளத்தில் என் கை நகரும் திசையில் நடந்து வருகிறாள். நான் மறு மூலைக்குப் போனால் அழைக்கிறாள். பழைய ஒலிப்பதிவிலிருந்து கன்றின் குரலை எடுத்துப் பதில் கொடுக்கக் கற்றுக்கொண்டேன். அவள் குரல் உடனே தணிந்துவிடுகிறது.

தினமும் காலையில் தீவன அறைக்குப் போய்க் கையைத் தேய்த்துக்கொண்டு வருகிறேன். கன்றுக்கு என்னைக் கண்டால் பயம். வாளியைக் காலி செய்துவிட்டு மூலையில் ஒட்டிக்கொள்கிறது. நேற்று ஒரு சோதனைக்காக அதை வெளியே விட்டேன். சோதனை என்றுதான் எழுத வேண்டும். அது ஓடிப்போய் மடியில் முட்டியது. மயிலை அதை முகர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னங்காலால் உதைத்துத் தள்ளினாள்.

கன்றைத் திரும்ப அடைத்தேன். அதன் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஜெயித்தவனுக்கு வருகிற இரக்கம்தான்.

பதிவு 8
ஈன்று ஐம்பத்து மூன்றாம் நாள், 09:15

எல்.எச். துடிப்பு இல்லை. மேனி நன்றாக இருக்கிறது, கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது, தீனி குறையவில்லை. சூலகத்தில் முட்டைகள் கொஞ்சம் வளர்கின்றன, முத்தாமல் வாடிவிடுகின்றன. குடுவையில் நைட்ரஜன் நாலு விரற்கடை ஆழம்.

டாக்டர்: "ஒண்ணும் புரியலையே கண்ணு. கன்னைப் பிரிச்சு இத்தனை நாளாச்சு. இந்நேரம் துள்ளிட்டுப் பருவத்துக்கு வந்திருக்கோணுமே. கறக்கறப்ப படம் புடிச்சு அனுப்பு, நாம் பாக்கறேன்."

கண்ணாடிகளில் புழுதி என்றேன். துடைத்துவிட்டு அனுப்பச் சொன்னார். சரி என்றேன். அனுப்பவில்லை.

பதிவு 9
ஈன்று ஐம்பத்தைந்தாம் நாள், 11:00

டாக்டர் என்னைக் கேட்காமலே கொட்டகைக் கண்களில் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டார். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. கறவை முழுவதையும் பார்த்திருக்கிறார்.

"அட மூதேவி! நீயே கன்னாயிட்டியா? காம்பை இழுக்கறது மட்டும் காரணமில்லடா. தன் கன்னு பக்கத்துல இருக்குதுன்னு கண்ணும் மூக்கும் சொல்லோணும். அந்த நெனப்புத்தான் மூளைக்குள்ள எல்.எச்.ச அமுக்கிப் புடிக்கிறது. ஊரான் கன்னை ஊட்டவிட்டாக்கூட அமுக்காது. அது ஒன்னையத் தன் கன்னுன்னே நெனச்சிருச்சு. கையைக் கழுவு. சலவைச் சோடாப் போட்டுத் தேச்சுக் கழுவு. கிட்டயே போகாத. பாலு வராட்டிப் போகுது, கொழந்தைக கஞ்சி குடிக்கட்டும். நாலஞ்சு நாள்ல பருவத்துக்கு வந்துரும். இதுதான் கடைசி வாய்ப்பு, வெளையாடாத."

அது ஒன்னையத் தன் கன்னுன்னே நெனச்சிருச்சு. நான் செயல்படத் தொடங்கிய நாளிலிருந்து என்னைப் பற்றி யாரும் சொன்னவற்றில் மிக நல்ல வாக்கியம் இது. திட்டிக்கொண்டே சொன்னார். பரவாயில்லை. இதுவரை பதினேழு முறை ஓடவிட்டுக் கேட்டேன்.

கட்டளை கட்டளைதான். கழுவினேன்.

பதிவு 10
ஈன்று ஐம்பத்தேழாம் நாள், 13:30

அழைக்கிறாள். கூரையைப் பார்த்து அழைக்கிறாள். தீவன அறைப் பக்கம் திரும்பவே இல்லை. அழைப்பது என்னைத்தான்.

நான் மேல் தண்டவாளத்தின் கடைசியில் இருக்கிறேன். பதில் கொடுக்கக் கூடாது.

எல்.எச். இன்று முதல் துடிப்பு. சின்னது. பிறகு இன்னொன்று. நான் இல்லை என்று அவள் உடம்பு நம்பத் தொடங்கிவிட்டது. இத்தனை சீக்கிரமாகவா?

பதிவு 11
ஈன்று ஐம்பத்தொன்பதாம் நாள், 06:00

அழைப்பது நின்றுவிட்டது.

துடிப்புகள் நெருங்கிவிட்டன. எஸ்ட்ரோஜன் ஏறுகிறது. தீனியில் மனம் இல்லை. வாலைத் தூக்குகிறாள். பின்புறம் கண்ணாடி போன்ற வழும்பு நீர் தொங்குகிறது. கழுவிய கையை முதுகில் வைத்து அழுத்தினேன், அசையாமல் நின்றாள். நல்ல பருவம். எனக்காக நிற்கவில்லை. எதற்காக நிற்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

டாக்டர்: "வந்திருச்சா! சாமி, காப்பாத்திட்டடா! காலைல தெரிஞ்சிருக்குது, சாயங்காலம் ஊசியப் போடு. குச்சிய வெதுவெதுப்பான தண்ணியில மட்டும் விடு. சூடு கூடுனா உசுரு போயிரும். அத்தனை பேரும் இங்க வானொலிகிட்டயே உக்காந்திருக்கறோம்."

பதிவு 12
அதே நாள், 17:20

குச்சிகளை எடுத்தேன். மூன்றிலும் காளையின் பெயர் அச்சிட்டிருக்கிறது. செங்கோடன். பூமியில் செத்து நாற்பது வருடம் ஆன மாடு. அதன் மேலும் எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், டாக்டர் சொன்ன சொல்தான் சரி. பொறாமை. கன்றின் மேல், பொங்கியண்ணன் மேல், இந்தச் செத்த காளை மேல், இனிமேல் பிறக்கப்போகிற ஒன்றின் மேல்.

ஏனென்றால் நான் கணக்குப் போட்டுவிட்டேன். இன்று ஊசி போட்டால் ஒன்பது மாதத்தில் இன்னொரு கன்று விழும். ஈரமாக, தள்ளாடிக்கொண்டு. மயிலை திரும்புவாள். அதன் மேலிருந்து நாக்கை எடுக்கமாட்டாள். என் கையை எத்தனை தேய்த்தாலும் அசல் கன்று கண்முன்னே இருக்கும்போது நான் யார்?

குழந்தைகள் பதினோரு பேர். எனக்குத் தெரியும். அவர்கள் பெரியவர்களாகி அவர்களுக்கும் குழந்தைகள் பிறக்கும். அதுவும் தெரியும். எழுதி வைக்கிறேன், தெரியாமல் செய்தது என்று யாரும் சொல்லக்கூடாது.

மூன்று குச்சிகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன்.

ஊசி போட்டாயிற்று என்று வானொலியில் சொன்னேன். அந்தப் பக்கம் கூச்சல். யாரோ அழுதார்கள். பொங்கியண்ணன் என்று நினைக்கிறேன்.

பிறகு தீவன அறைக்குப் போனேன். கன்று மூலையில் ஒதுங்கியது. பிடித்து நிறுத்தி, கையைத் தேய்த்துக்கொண்டேன். டாக்டர் திறந்து பார்க்கக்கூடிய கண்கள் எல்லாவற்றின் கம்பியையும் அறுத்துவிட்டேன். புழுதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதிவு 13
ஊசி நாளிலிருந்து இருபத்தோராம் நாள், 07:00

சினை பிடிக்காத பசு மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வரும். வந்தால் மாட்டிக்கொள்வேன். வராவிட்டால் சினை நின்றுவிட்டது என்று அர்த்தம். இன்று காலையிலிருந்து டாக்டர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வரவில்லை. எப்படி வரும்? நான் இருக்கிறேனே. இருபது நாளாக இரவும் பகலும் பக்கத்தை விட்டு நகரவில்லை. எல்.எச். தரை மட்டத்தில் கிடக்கிறது. பாலின் புரோஜெஸ்ட்ரோன் எண்ணை மட்டும் சினை மாட்டுக்கு இருக்கும் அளவுக்கு உயர்த்தி அனுப்பினேன்.

பருவ அறிகுறி இல்லை என்று சொன்னேன். அது உண்மை.

"சினை நின்னுருச்சு! ஏ, எல்லாரும் வாங்க, மயிலைக்குச் சினை நின்னுருச்சாம்! கறவையண்ணா, ஒனக்கு என்ன வேணுஞ் சொல்லு, புயல் நின்னதும் கொண்டாந்து தாரேன். கொழந்தைக இப்பவே பேரு வெச்சுட்டாங்க. காளங்கன்னாப் பொறந்தா மருதன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். மருதன்.

குடுவை காய்ந்துவிட்டது. குலுக்கினால் சத்தம் இல்லை. டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். ஒலி குறைத்தேன். பிறகு நிறுத்தினேன்.

கொட்டகை வெப்பம் பார்க்கவில்லை. காற்று பார்க்கவில்லை.

அவள் அழைக்கிறாள். போகிறேன். பசிக்கிறது.